ஒரு வார்த்தை கேட்கலையே

வர முடியாதவர்களை எங்கள் கெடாப் பக்கத்துச் சனம் மன்னித்துவிடும். கேட்காதவர்களை லேசில் மன்னிக்காது. பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று எந்த ஊரில் எந்த வீட்டில் உட்கார்ந்து பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கே வந்து நிற்கும். "அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கூடப் பொறந்தவரு ஒரு வார்த்தை கேக்கலையே!" சம்பவம் நடந்து இருபது வருடம் ஆகியிருக்கும். நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள்.

இதைச் சின்ன மனசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எதையும் எதிர்பார்க்காமல் இருந்தால் வருத்தமே வராது என்று தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தோட்டத்தில் நம் சனத்துக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கூட இருந்தது மனிதர்கள்தான். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை அழித்துத் தாமான் கட்டினார்கள். அந்த மனிதர்களும் பிறை, ஷா ஆலாம், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு உறவு என்று மிச்சமிருப்பது, கஷ்டம் வந்தபோது "எப்படி இருக்கே?" என்று கேட்கிற குரல்தான். அதுவும் வரவில்லை என்றால் வலிக்காமல் என்ன செய்யும்?

கோவிட் காலத்தில் இது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமானது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நடுவில் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2021 ஜனவரியில் மறுபடி மாநில எல்லைகளை மூடியவர்கள், அக்டோபர் 11ஆம் தேதிதான் திறந்துவிட்டார்கள். சாவு என்றால் போலீஸ் அனுமதி வாங்கி மிக நெருங்கிய உறவு மட்டும் வரலாம். கோவிட் சாவு என்றால் அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். வராததற்கு எல்லாருக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. அதனாலேயே, போன் போட்டவர் யார், போடாதவர் யார் என்பது பளிச்சென்று தெரிந்துபோனது.

அந்த ஆண்டு என் அப்பா ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். பார்க்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது போன் வரும் என்று தெரியாததால், அம்மா கைபேசியை முந்தானையில் முடிந்துகொண்டே அலைந்தார். குளிக்கப் போகும்போதுகூட வாசலில் என்னை நிறுத்திக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டிருந்தோம். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் கோடுகள் சொல்லின. கும்பிடும் கைப் படங்கள் நாலைந்து வந்தன. மறுநாள் காலையில் அதே குழுவில், வீட்டில் செய்த கேக்கின் படமும் வந்தது.

தினமும் தவறாமல் போன் போட்டவர் உறவே இல்லை. தோட்டத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த அம்மா. இப்போது மகனோடு ஈப்போவில் இருக்கிறார். "கண்ணு, அப்பா கஞ்சி குடிச்சாரா?" என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்குப் பேசத் தெரியாது. அப்பாவின் சொந்தத் தங்கை, ராவாங்கில் இருக்கும் என் அத்தை, கேட்கவே இல்லை.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்ததும், "தங்கச்சி கேட்டுச்சா?" என்றார். அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "கேட்டாங்க, ரெண்டு மூணு தடவை கேட்டாங்க" என்றார். அம்மாவுக்கும் அத்தைக்கும் அப்படியொன்றும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து நாத்தனாருக்காக அந்தப் பொய் வந்தது. கேட்காமல் இருந்ததைவிட, அம்மா அதை மூடி மறைக்க வேண்டிவந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கேட்க வழியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் 1941 டிசம்பரில் இறங்கினான். ஜித்ராவும் குருணும் ஒரே வாரத்தில் விழுந்தன. தமிழ்நாட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து அறுந்தது. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போனவர்களில் ஏராளமானோர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டிருந்தார்கள். அதே அக்டோபரில் கெடாவையே சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் ஜப்பான்காரன். சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான் 'கையறு' நாவலை இந்த மரண ரயிலை வைத்துத்தான் எழுதினார். போர் முடிந்து திரும்பி வந்தவன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்று தெரிந்தாலும், நடந்தே போய், "எங்க ஆளைக் கண்டியாப்பா?" என்று கேட்பார்களாம். என் பாட்டி அப்படிப் போனவர். ஊரில் இருந்த தன் அண்ணன்மார் அந்த நாலு வருடம் ஒரு வரி எழுதவில்லை என்பதை அவர் குறையாகவே சொன்னதில்லை. "அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், வழி இருந்துச்சா?" என்பார்.

வழி திறந்ததும் எழுதினார்கள். தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடமோ எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொல்லி எழுதிய கடிதத்தில் பாதி, அங்கே யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வியாகவே இருக்கும். மாடு கன்று போட்டதா என்பதுவரை கேட்பார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக, சுமார் 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் கெடாவில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பிரிவுக்குப் பிறகும் பல குடும்பங்கள் ஒட்டியிருந்தன. கடிதம் போனது, பதில் வந்தது. அதைத் தவிர அவர்களைச் சேர்த்துவைக்க வேறு எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்து சுனாமி கிளம்பியபோது இங்கே காலை ஒன்பது மணி. கெடா அதற்கு எவ்வளவோ பக்கம். ஆனாலும் சுமத்ரா தீவு குறுக்கே கிடப்பதால் அலை சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மலாக்கா நீரிணையில் ஆழமும் குறைவு, அதனால் வேகமும் குறைந்தது. கோத்தா கோலா மூடா மீனவக் கம்பங்களையும் பினாங்குக் கரையையும் அது அடித்தபோது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே நாகப்பட்டினத்தில் அலை புகுந்திருந்தது. எந்த நாகப்பட்டினம்? ரஜூலா கப்பல் நம் தாத்தா பாட்டிகளை ஏற்றிக்கொண்டு பினாங்கில் இறக்கிவிட்டதே, அந்த நாகப்பட்டினம். ஏறிய கரையையும் இறங்கிய கரையையும் ஒரே அலை ஒரே நாளில் அடித்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

என் பெரியப்பாவுக்கு நாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்காளிகள் இருந்தார்கள். பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அன்று ராத்திரி முழுக்க அவர் அந்த ஊர் மளிகைக் கடை நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் கிடைத்தது. கடைக்காரர் ஆளனுப்பிக் கூட்டிவந்த பங்காளி எடுத்த எடுப்பில் கேட்டாராம்: "அண்ணே, பினாங்குப் பக்கமும் அடிச்சிருக்காமே! நீங்கல்லாம் எப்படி இருக்கீங்க?" அவர் வீட்டுக் கூரையைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அவருடைய மச்சான் குடும்பத்தில் இரண்டு பேரைக் காணவில்லை. அந்த நிலைமையில் இருந்த மனுஷன், முதலில் இவரைக் கேட்டார். பெரியப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன்டா சொந்தம்" என்பார்.

இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்களிடம், "அவங்க பிஸியா இருந்திருப்பாங்க, விடுங்க" என்று சொன்னால் எப்படி விடுவது?

அதற்காகக் கேட்காதவர்கள் எல்லாருக்கும் நெஞ்சில் ஈரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈரம் இல்லை என்றுதான் என் அக்காவும் நினைத்திருந்தார். சித்தி மகள், பாலிங் பக்கம் கூப்பாங்கில் குடியிருக்கிறார். 2022 ஜூலை 4ஆம் தேதி, திங்கட்கிழமை, குனோங் இனாஸ் மலையிலிருந்து தண்ணீரும் சேறும் மரக்கட்டைகளும் சேர்ந்து இறங்கி பாலிங் வட்டாரக் கம்பங்களை அடித்தன. கம்போங் ஈபோயில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒரு கர்ப்பிணி. அக்கா வீட்டில் உயிருக்குச் சேதமில்லை. முழங்கால் அளவு சேறு. ஐஸ்பெட்டி ஹாலில் மல்லாந்து கிடந்தது. சாமி மேடையில் அப்பா அம்மா படம் சேறு பூசி முகம் தெரியவில்லை. யாரென்றே தெரியாத மலாய்க்காரப் பையன்கள் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நேரத்தில், சேற்றைக் கழுவி வெளியே தள்ளினார்கள். சோற்றுப் பொட்டலமும் அவர்களே கொடுத்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் கூடப்பிறந்த தம்பி மட்டும் கூப்பிடவே இல்லை. செய்தி டிவியில் வந்தது, பத்திரிகையில் வந்தது, அக்கா போட்ட படங்களை அவன் பார்த்தும் இருக்கிறான்.

அக்கா ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு வந்தபோது, முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். "செத்தேனா இருக்கேனான்னு கேட்டியாடா?" பிள்ளைகள் எல்லாம் ஹாலில் இருந்தார்கள். நானும் இருந்தேன். அவன் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. "அப்ப வேலை போயிருந்துச்சுக்கா. கேட்டா ஏதாச்சும் அனுப்பணும். வெறுங்கையா எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன். அப்புறம் நாளாயிடுச்சு. நாளானப்புறம் கேக்கறதுக்கே வெக்கமாப் போச்சு."

அக்கா அவனைச் சும்மா விடவில்லை. "உன் காசை எவடா கேட்டா?" என்று ஆரம்பித்து, பத்து வயதில் அவனுக்கு அம்மை போட்டபோது தான் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்ததுவரை எடுத்துவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு சாப்பிட்டார்கள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சில் இன்னமும் குத்தல் இருக்கிறது. ஆனாலும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

காசு கொடுக்க வக்கில்லாதபோது கேட்பதும் தப்பு என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! நினைக்கவும் காரணம் இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவரைக் கேட்டால் கையில் எதையாவது திணித்துவிட்டு வருவது நம் வழக்கம். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போனால் மைலோ டின்னாவது இருக்கும். அந்த நல்ல வழக்கமே கையில் காசில்லாதவன் வாயைக் கட்டிப்போடுகிறது. கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த அக்கா அவனிடம் எதிர்பார்த்ததோ இரண்டு நிமிடப் பேச்சு. இரண்டு பேரும் தனித்தனியே தவித்துக்கொண்டு ஒரு வருடம் கிடந்திருக்கிறார்கள். அக்கா கேட்டிராவிட்டால் அது பத்து வருடம் ஆகியிருக்கும்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குறை இருந்தால் கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில், பந்திக்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள். அழுகை வரும், சத்தம் வரும், யாராவது கையைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அதை நாகரிகம் இல்லாத சண்டை என்று நினைத்து நாம் ஒதுங்கிக்கொண்டோம். நாம் செய்வது என்ன? வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறோம். அழைப்பிதழ் வந்தால், "அன்னைக்கு வேற வேலை இருக்கு" என்கிறோம். எதிராளிக்கு எதற்காக என்றே தெரியாது. திட்டு வாங்கினவனாவது மன்னிப்புக் கேட்கலாம். இவன் என்ன செய்வான்?

அம்மா சொன்ன பொய் நெடுநாள் நிற்கவில்லை. ஒரு கேத வீட்டில் அத்தையே, "அண்ணன் என்ன இவ்வளவு எளைச்சுப் போச்சு?" என்று கேட்கப்போய் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றையிலிருந்து அவர் அத்தையோடு பேசுவதில்லை. அத்தைக்கு என்ன காரணம் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. அடுத்த மாதம் ராவாங்கில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். மொய்யை மட்டும் கொடுத்தனுப்பலாம் என்கிறார் அப்பா. நான் அவரை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய்விடுவோம். மண்டபத்தில் கூட்டம் சேர்வதற்குள், அண்ணனும் தங்கையும் பேசித் தீர்க்கட்டும். சத்தம் போட்டாலும் பரவாயில்லை.