சோருஹ் நதியும் நீருக்குள் போன ஊரும்

துருக்கியின் வடகிழக்கு மூலையில் 'மெஸ்ஜித்' என்றொரு மலைத்தொடர் உண்டு. நாம் 'மஸ்ஜித்' என்று சொல்வதுதான் துருக்கியர் நாவில் அவ்வாறு வழங்குகிறது. 3,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அம்மலைகளில் பிறக்கும் சோருஹ் நதி, பேபர்ட், இஸ்பிர், யூசுஃபெலி, அர்த்வின் ஆகிய ஊர்களைக் கடந்து, ஜார்ஜியா நாட்டினுள் புகுந்து, பத்தூமி நகருக்கருகே கருங்கடலில் கலக்கிறது.

மே, ஜூன் மாதங்களில் மலைப்பனி உருகும்போது இந்நதியின் வேகம் அச்சமூட்டும். பெரும்பாறையைத் தாண்டி விழும் நீர், விழுந்த இடத்திலேயே பின்னோக்கிச் சுழலும். அச்சுழலில் அகப்பட்ட மிதவையை அது எளிதில் விடாது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து ரப்பர் மிதவையில் அமர்ந்திருப்போர், பின்னிருக்கும் வழிகாட்டியின் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு ஒருசேரத் துடுப்பு வலித்தால்தான் கடக்க முடியும். ஒருவர் தயங்கினாலும் அனைவரும் நீருக்குள்தான்! இத்தகைய மிதவைப் படகோட்டிகளுக்கான உலகப் போட்டி 1993இல் இந்நதியில்தான் நடைபெற்றது.

நதியில் வந்து சேரும் பர்ஹால் போன்ற குளிர்ந்த ஓடைகள் தூண்டில்காரர்களுக்கு உரியவை. உடலெங்கும் புள்ளிகள் கொண்ட டிரவுட் மீன், தெளிந்து ஓடும் குளிர்நீரையே நாடும். இங்குள்ள டிரவுட் வகையொன்றுக்கு ஆய்வாளர்கள் 2010இல் சோருஹ் என்ற பெயரையே சேர்த்து அறிவியற்பெயர் சூட்டினர்.

பர்ஹால் ஓடை சோருஹுடன் கூடும் இடத்தில்தான் பழைய யூசுஃபெலி இருந்தது. அதற்குக் கீழே 275 மீட்டர் உயரத்தில், துருக்கியிலேயே மிக உயரமான அணை எழுப்பப்பட்டது. 2022 நவம்பரில் நீர் தேக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் ஊர் மூழ்கிப்போயிற்று. மக்களுக்கு மலைச்சரிவின் மேலே புதிய ஊர் கட்டித்தரப்பட்டது. மையவாடியிலிருந்த கபுறுகளையும் தோண்டி, மேலே கொண்டுசென்று அடக்கினர்.

எரிபொருளுக்குப் பெரிதும் பிற நாடுகளை நம்பியிருக்கும் துருக்கி, தன் மலைநீரிலிருந்து மின்சாரம் எடுப்பதைக் குறைகூற நாம் யார்? நம் வீட்டு விளக்கும் ஏதோவொரு மலையாற்றின் தயவில் எரிவதாக இருக்கலாம். ஆயினும் ஓடுவதற்கென்றே பிறந்த மீனுக்கு நிலைநீர் ஒத்துவராது. அவ்வளவு உயரமான சுவரைத் தாண்டி அது மேலேறவும் வழியில்லை. தம் தந்தையின் கபுறு இருந்த இடத்தைத் தேடும் முதியவருக்கு இன்று அங்கே காணக்கிடைப்பது ஆழமான, அசைவற்ற நீர்ப்பரப்பு மட்டுமே. பர்ஹால் ஓடையோ மேலே தன் மலைகளுக்கிடையே முன்போலவே இரைந்து இறங்கி, அந்நீரில் வந்து அடங்குகிறது.