மூன்று ஓட்டம் போதுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். பந்தயக் குதிரை விஷயத்தில் இது பாதிதான் உண்மை!

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியைப் பாருங்கள். வழக்கமாக மே மாத முதல் சனிக்கிழமை நடக்கும். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்பதால், ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்புத்தான். தூரம் சுமார் 2 கிலோமீட்டர். அதிகபட்சம் 20 குதிரைகள். இரண்டு மூன்று முறை மட்டுமே ஓடிய குதிரையை இதற்கு அனுப்பலாமா?

கூடாது என்பவர்களிடம் நெடுங்காலம் ஒரு பலமான சான்று இருந்தது. இரண்டு வயதில் ஒரு முறைகூட ஓடாமல் டெர்பியை வென்ற குதிரை, 1882-ல் வென்ற அப்பல்லோவுக்குப் பிறகு இல்லவே இல்லை. "அப்பல்லோவின் சாபம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2018-ல் ஜஸ்டிஃபை அதை உடைத்தது. பிப்ரவரியில் முதல் ஓட்டம், மே மாதம் நான்காவது ஓட்டத்திலேயே டெர்பி! 2023-ல் மேஜ் என்ற குதிரையும் தன் நான்காவது ஓட்டத்தில் வென்றது.

அப்படியென்றால் ஓட்டங்களின் எண்ணிக்கை சரியான அளவுகோல் இல்லை. அந்த ஓட்டங்களில் குதிரை எதைச் சந்தித்தது என்பதே கேள்வி. முன்னால் தனியாக ஓடி எளிதாக ஜெயித்த குதிரைக்கு, கூட்டத்தில் நெருக்குப்படுவதும் முகத்தில் மண் தெறிப்பதும் தெரியாது. 2007-ல் கர்லின் மூன்று ஓட்டங்களிலும் அபாரமாக வென்றுவிட்டு டெர்பிக்கு வந்தது. கிடைத்தது மூன்றாம் இடம். இரண்டே வாரம் கழித்து, டெர்பியை வென்ற ஸ்ட்ரீட் சென்ஸையே பிரீக்னெஸ் பந்தயத்தில் தோற்கடித்தது. திறமை முன்பே இருந்தது, பாடம்தான் பாக்கி இருந்தது. மேஜ் டெர்பிக்கு முன்பே இரண்டு முறை தோற்றிருந்தது. அந்தத் தோல்விகளும் ஒரு படிப்புதானே!

இதில் ஒரு வணிகக் கணக்கும் இருக்கிறது. மூன்று மகுடப் பந்தயங்களையும் வென்ற ஜஸ்டிஃபை, கணுக்கால் வீக்கத்தால் மொத்தம் ஆறே ஓட்டங்களோடு ஓய்வு பெற்றது. 2019-ல் அதன் இனப்பெருக்கக் கட்டணம் 1,50,000 டாலர்! பெரிய வெற்றி ஒன்று கிடைத்தால் பரிசுத்தொகையைவிடப் பெரிய லாபம் அதன் பின்னால் வருகிறது. அதனால்தான் "தயார்" என்று சொல்ல உரிமையாளருக்கு ஆசை அதிகம். ஆனால் ஆபத்து முழுவதும் குதிரையின் கால்களுக்கு. இளம் எலும்பு வேகத்துக்குப் பழகிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறுதியாகும். காலண்டரைப் பார்த்து அது வளராது.

காத்திருந்தால் நஷ்டமா? ஃபிளைட்லைன் முதலில் ஓடியதே 2021 ஏப்ரல் கடைசியில்தான். டெர்பியில் ஓடவே இல்லை. ஆனால் 2022-ல் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை எட்டு நீளத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்று, தோல்வியே அறியாமல் ஓய்வு பெற்றது.

ஓட்டம் முடிந்த மறுநாள் குதிரை தீனியை மிச்சம் வைக்கிறதா, கால் சூடாக இருக்கிறதா, அடுத்த பயிற்சிக்கு உற்சாகமாக வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதிலில் சந்தேகம் இருந்தால் நிறுத்திவிடுவதே நியாயம். டெர்பி அடுத்த வருடமும் வரும், வேறொரு குதிரைக்காக. உடைந்த கால் திரும்பி வராது.