'கூறுகிறார்' என்னும் ஒற்றைச் சொல்

மாணவர்தம் ஆய்வேடுகளைப் புரட்டுங்கால் பக்கந்தோறும் நம் கண்ணில் படுவது 'கூறுகிறார்' என்னும் சொல்லேயாகும். திறனாய்வாளர் ஐயுற்றாலும் கூறுகிறார், மறுத்தாலும் கூறுகிறார், சான்றுகாட்டி நிறுவினாலும் கூறுகிறார். சலிப்புற்ற சிலர், 'இயம்புகிறார்', 'நவில்கிறார்', 'பகர்கிறார்' என மாற்றி வைப்பர். செவிக்கு அது இனிமை தரலாம். பொருள் அணுவளவும் தெளிவு பெறுவதில்லை. மேடைத்தமிழ் நமக்களித்த பழக்கம் இது.

ஆங்கிலத்தில் 'சே', 'கிளெய்ம்', 'அட்மிட்' ஆகிய வினைகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வாரா. 'கிளெய்ம்' எனின், எழுதுவோர் அக்கூற்றுக்குப் பொறுப்பேற்கவில்லை. 'அட்மிட்' எனின், தமக்குப் பாதகமானதைச் சொன்னவரே ஏற்றுக்கொண்டார் என்பது பொருள். நம் மாணவர் ஆங்கிலத்தில் இடர்ப்படுவதற்கு, தமிழில் இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்தாமையும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

தமிழில் இவ்வேறுபாடு இல்லையோ எனின், உண்டு. தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார் புலவர்' எனக் கூறி, முன்னோர் கருத்தை முன்னோர்க்கே உரியதாக்கிச் செல்கிறார். உரையாசிரியர்கள் தமக்கு உடன்பாடற்ற கொள்கையை 'என்பாரும் உளர்' எனக் குறித்து, அதன்பின் மறுப்பர்.

ஹதீஸ் கலையில் இந்நுட்பம் இன்னும் கூர்மையானது. 'ஸமிஃது' என்று அறிவிப்பவர், தாமே செவியுற்றதாக உறுதியளிக்கிறார். 'அன்' என்று அறிவிப்பவரோ, இன்னாரிடமிருந்து வந்தது என்பதோடு நின்றுவிடுகிறார். நேரில் கேட்டாரா, இடையில் ஒருவர் இருந்தாரா என்பது அச்சொல்லால் விளங்காது. இடைப்பட்டவரை மறைத்து அறிவிக்கும் வழக்கமுடையவர் 'அன்' என்று மொழிந்தால், நேரில் கேட்டமை தெளிவாகும்வரை அறிஞர் அதனை ஏற்கத் தயங்குவர். ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள், இச்சொல்லால் வரும் அறிவிப்பை எந்நிலையில் ஏற்கலாம் என்று தம் தொகுப்பின் முன்னுரையிலேயே விரிவாக வாதிடுகிறார்கள். ஒரு சிறு சொல்லுக்காக இத்துணை உழைப்பு!

நாளிதழ்களை நோக்குவோம். கைதான இளைஞர் ஒருவர் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என மறுநாளே செய்தி வருகிறது. 'ஒப்புக்கொண்டார்' என்ற மாத்திரத்தில், குற்றம் நிகழ்ந்தது, செய்தவர் இவரே என்னும் இரண்டையும் எழுதியவர் மெய்யென முடித்துவிடுகிறார். சட்டமோ அத்துணை விரைவதில்லை. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதலை அவர்க்கெதிராக மெய்ப்பிக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு வகுத்த பொதுவிதி. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் அவ்விதி தொடர்கிறது. 'ஒப்புக்கொண்டதாகக் காவல்துறையினர் தெரிவித்தனர்' என்று எழுத இரண்டு சொற்களே கூடுதலாகத் தேவை. பின்னர் விடுதலையாகும் ஒருவரின் தாயார், தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு அவ்விரண்டு சொற்களும் துணைசெய்யும்.

வகுப்பில் ஓர் எளிய பயிற்சி போதுமானது. 'ஆதம்பாக்கம் ஏரி சுருங்கிவிட்டது' என்பதை ஒருவர் சொன்னதாகக் கொள்க. இதனைத் 'தெரிவித்தார்', 'சுட்டிக்காட்டினார்', 'குற்றஞ்சாட்டினார்', 'ஒப்புக்கொண்டார்' என நான்கு வினைகளால் எழுதச் செய்க. 'சுட்டிக்காட்டினார்' என்றால் எழுதுவோரும் அதனை உண்மையென ஏற்கிறார். 'குற்றஞ்சாட்டினார்' என்றால் எவரோ பொறுப்பாளி என்பது தொக்கி நிற்கிறது. 'ஒப்புக்கொண்டார்' என்பது ஏரியைக் காக்கும் அலுவலர் வாயிலிருந்து வந்தாலன்றிப் பொருந்தாது. கரையோரம் குடியிருப்பவர் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது?