ஆபேல் எங்கே?



ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1980களின் பிற்பகுதியில் ராப் இசையால் புகழடைந்தவர்களுள் இருவர் ஸ்டெடி பீ, கூல் சீ. முன்னவர் 1986 முதல் 1991 வரை ஐந்து இசைத்தொகுப்புகளை வெளியிட்டவர். பின்னவர் 1989 இல் பகட்டான வாழ்வைப் பற்றிய ஒரு பாடலால் பெயர் பெற்றவர். 1993 இல் இருவரும் இன்னொருவருடன் இணைந்து அமைத்த குழுவின் தொகுப்புக்கு, முடிவின்றிப் பணம் எண்ணுதல் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். அது பெரும் வெற்றி பெறவில்லை.

1996 ஜனவரி 2 ஆம் திகதி அந்நகரின் வங்கியொன்றில் நிகழ்ந்த கொள்ளை முயற்சியின்போது, அபாய அறிவிப்பின் பேரில் அங்கு விரைந்த பொலிஸ் உத்தியோகத்தர் லொரீத்தா வெயார்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட கூல் சீக்கு அவ்வாண்டிலேயே மரண தண்டனையும், கொள்ளையில் பங்குகொண்ட ஸ்டெடி பீக்கு விடுதலைக்கு வாய்ப்பற்ற ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. இருவரது இசை வாழ்வும் அத்துடன் முடிந்தது.

இசை உலகில் இது, வீணாகிப்போன திறமையின் கதையாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ராப் இசையே இவர்களைக் கெடுத்தது என்பாரும் உளர். அதே இசையைப் பாடிய எத்தனையோ பேர் துப்பாக்கியுடன் வங்கிக்குள் நுழையவில்லையே! இரண்டு பார்வைகளிலும் மறக்கப்படுபவர் ஒருவரே. அவர் இரு புதல்வர்களைத் தனித்து வளர்த்த தாய். பிலடெல்பியாவில் கடமையின்போது கொல்லப்பட்ட முதலாவது பெண் பொலிஸ் உத்தியோகத்தர்.

தொடக்க நூலில், கொலைக்குப் பின் காயினிடம் கடவுள் கேட்கும் முதல் வினா ஆபேலைப் பற்றியது. சிந்தப்பட்ட இரத்தத்தின் குரலைக் கேட்ட பின்னரே அவர் தண்டனையைக் கூறுகிறார். அதன் பின்னரே, எவரும் காயினைக் கொல்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளம் இடுகிறார். இந்த ஒழுங்கு நம் சிந்தனைக்குரியது.

கூல் சீயின் தண்டனையை நிறைவேற்ற 2006 இலும் 2015 இலும் நாள் குறிக்கப்பட்டு, இரு தடவையும் தள்ளிப்போனது. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினார். அப்போதனையை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். கூல் சீயைக் கொல்வதால் அப்பிள்ளைகளுக்குத் தாய் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும், கொலையுண்டவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கொன்றவனுக்காக மட்டும் இரங்குவது கிறிஸ்தவ இரக்கமாகாது. அத்தகைய இரக்கத்தைக் கேட்கும்போது, துயருற்ற குடும்பத்தின் காயம் மேலும் ஆழமாகிறது.

எனவே, கொலைக் குற்றவாளி ஒருவரின் உயிருக்காகக் குரல் எழுப்பும்போது, முதலில் இறந்தவரின் பெயரைச் சொல்வோம். அவரது பிள்ளைகள் எவ்வாறு வாழ்கின்றனர் என விசாரிப்போம். அவர்களுக்காகச் செபிப்போம். அதன் பின்னர் குற்றவாளிக்காகவும் மன்றாடுவோம்.