நெளிந்து வந்த கேக் பாத்திரம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் நம் இல்லங்களில் கேக் செய்யும் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. முந்திரியும் திராட்சையும் நறுக்கி ஊறவைப்பதோடு, பழைய பாத்திரம் தேய்ந்துவிட்டதென்று புதியது ஒன்றையும் தருவிக்கிறோம். முற்காலத்தில் கடைக்குச் சென்று, கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, மண்சட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டியும் பார்த்து வாங்கினோம். இன்றோ கைப்பேசியில் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். தட்டிப் பார்க்கும் வேலை, பெட்டி வீடு வந்து சேர்ந்த பின்னரே வாய்க்கிறது. வந்த பொருள் நெளிந்தோ விரிசலுற்றோ இருந்தால் செய்யத்தக்கது யாதென இத்திங்கள் சிந்திப்போம்.

புதுப் பாத்திரம் வந்தவுடன் கழுவிக் கவிழ்ப்பதும், பெயர் வெட்டக் கொடுப்பதும் நம் குடும்பங்களின் வழக்கம். இரண்டையும் சற்றே நிறுத்தி வைத்தல் நலம். கழுவிய பாத்திரத்தைப் பயன்படுத்திய பாத்திரமென்று விற்பவர் வாதிடக்கூடும். பெயர் வெட்டியதைத் திருப்பித் தரவே இயலாது. பெட்டி நசுங்கியிருந்தால், பிரிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தபின், சேதமுற்ற இடத்தை வெளிச்சத்தில் வைத்து அருகிலிருந்து ஒரு படமும், முழுப் பாத்திரத்தையும் ஒரு படமும் எடுத்தல் வேண்டும். பெட்டி, உள்ளிருந்த காகிதம், ரசீது எதையும் எறிந்துவிடலாகாது. அன்றைக்கே விற்பவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். நாளை நாளை என்று தள்ளிப்போட்டால், பொருளைத் திருப்பி அனுப்பக் குறித்த நாள் கடந்துவிடும்.

எல்லாச் சேதமும் ஒரே தன்மையதன்று. அலுமினியப் பாத்திரத்தின் பக்கச் சுவர் சற்றே நசுங்கியிருந்தால், மடித்த துணியின்மேல் வைத்து மரக்கட்டையால் மெல்லத் தட்டிச் சரிசெய்துவிடலாம். ஆனால், அடிப்பாகம் கோணியிருந்தால் அது வேறு. சமதளமான மேடையில் வைத்து மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆட்டங்கண்டால், கேக் மாவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லிய பக்கம் கருகித் தடித்த பக்கம் வேகாமல் நிற்கும். வார்ப்பிரும்புச் சட்டியில் மேலாகப் படிந்த துருவைத் தேய்த்து நீக்கி, உலர்த்தி, எண்ணெய் பூசிச் சூடேற்றினால் பயன்படும். விரிசல் விழுந்ததோ உதவாது. ஒட்டாத பூச்சுள்ள தட்டில் உலோகம் தெரியுமளவு கீறலிருந்தால், பூச்சு மேன்மேலும் உரியும். எனாமல் பாத்திரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால், கண்ணாடி போன்ற துணுக்குகள் உணவில் கலக்கவும், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கவும் இடமுண்டு.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கண்ணாடிப் பாத்திரமே. விளிம்பில் மயிரிழையளவு விரிசல்தானே என்று எண்ணலாகாது. ஓவனின் சூட்டில் கண்ணாடி விரியும்போது அவ்விரிசல் ஓடி, பாத்திரம் திடீரென உடைந்து சிதறக்கூடும். பசையால் ஒட்டியும் அதனை அடுப்பில் வைத்தல் ஆகாது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணம், அருகில் நிற்கும் குழந்தையின் கண்ணைவிடப் பெரிதன்று.

பணத்தைத் திரும்பக் கேட்பது சண்டையன்று. சட்டம் தந்த உரிமை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள், அவ்வாறு குறிக்காதபோது 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகமென அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. இணைய வணிக நிறுவனங்கள், வந்த புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டுமென்பது 2020-ஆம் ஆண்டின் விதி. அதற்கும் அசையாவிடில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். இறுதியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே முறையிடலாம்.

உரிமையைப் போலவே கடமையும் உண்டு. வெயிலிலும் மழையிலும் பெட்டியைச் சுமந்து வாசலில் நிற்கும் இளைஞர் அதனைக் கட்டியவரும் அல்லர், விற்றவரும் அல்லர். அவரிடம் சினந்து பேசுவதால் நெளிந்த தட்டு நிமிராது. ஓர் ஏழைத் தாயின் மகன் மனம் நோவதே மிச்சம். அவ்வாறே, நம் கைதவறிக் கீழே விழுந்த பாத்திரத்தை, வந்தபோதே உடைந்திருந்ததென்று சொல்லிப் பணம் பெறுவதும் தகாது. அதைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள், நாம் வாயால் போதிக்கும் நேர்மையைவிடக் கையால் காட்டும் நேர்மையையே கற்றுக்கொள்வர்.

எனவே, விழாவுக்கு வேண்டிய பாத்திரத்தை நான்கு வாரம் முன்னதாகவே தருவித்து, வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிடுவோம். மாற்றுப் பாத்திரம் வர நாளாகுமாயின், பழைய தட்டிலோ, மணல் பரப்பிய கனத்த பாத்திரத்தினுள் வைத்தோ கேக் செய்யலாம், சுவையில் குறையிராது. கேட்க வேண்டியதை உறுதியாகவும் பணிவாகவும் கேட்கும் இல்லத்தில், பணமும் வீணாகாது, அமைதியும் குலையாது.