டெஸ்ட் கேஸை மெஷின் எழுதட்டும்

ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின ராத்திரி டெஸ்ட் கேஸ் டேபிள் எப்படி நிரம்புதுன்னு உங்களுக்கே தெரியும். புரோகிராம் ஏற்கெனவே என்ன காட்டுதோ, அதையே ‘எதிர்பார்த்த விடை’ன்னு எழுதி, பக்கத்துல ‘பாஸ்’ போடுறீங்க. பத்து வரிசை, பத்தும் பாஸ். கல்யாணம் முடிஞ்ச பிறகு பொருத்தம் பார்க்கிற ஜோசியம் இது.

இதே பழக்கத்தோட ஒருத்தர் நாளைக்கு பாய்லர் கன்ட்ரோல் எழுதப் போனா? 2020 மே 7, ஜூலை 1 ஆகிய தேதிகளில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்துகளை நம்ம ஊர்ப்பக்கம் யாரும் மறக்கல. அதுக்கு சாஃப்ட்வேர்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா பாய்லர் விதி ஒண்ணைப் பாருங்க: பற்ற வைக்கும் முன், உலையில் தங்கியிருக்கக்கூடிய எரிவாயுவைக் காற்று செலுத்தி வெளியேற்றணும். பர்ஜ்னு பேரு. அது முடியாம பர்னருக்கு அனுமதி கிடையாது. ஒரே வரிதான். பர்ஜ் நடுவுல ஃபேன் நின்னு மறுபடி ஓடினா டைமர் முதல்லேர்ந்து ஆரம்பிக்குமா, விட்ட இடத்துலேர்ந்தா? அதே நேரம் சென்சார் இல்லாத சுடரை இருக்குன்னு காட்டினா? இப்படி எத்தனை வரிசையை ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசிப்பார்?

விதியையும் அமைப்பையும் முறையான கணித மொழியில எழுதிட்டா, மாடல் செக்கர் அந்த மாடல் போகக்கூடிய நிலைகளைத் தேடி, விதி உடையுற இடம் இருந்தா அந்தச் சம்பவத்தைப் படிப்படியா காட்டும். அமேசான் பொறியாளர்கள் 2011லேர்ந்து டிஎல்ஏ பிளஸ் மொழியை இதுக்குப் பயன்படுத்தினாங்க. டைனமோடிபியில் சிக்கின ஒரு பிழை வெளிவர குறைஞ்சது 35 படிகள் தேவைப்பட்டது. டிசைன் ரிவியூ, கோட் ரிவியூ, டெஸ்டிங் எல்லாத்தையும் தாண்டி ஒளிஞ்சிருந்த பிழை அது. இந்தத் துறை நமக்குத் தூரமும் இல்ல. நாம லேபில் வரையிற சீக்வென்ஸ் டயகிராமுக்கு நெருங்கின உறவான மெசேஜ் சீக்வென்ஸ் சார்ட் பற்றி, சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டில் மாதவன் முகுந்த், நாராயண் குமார் போன்றவங்க ஆழமா ஆய்வு செஞ்சிருக்காங்க.

விதியே தப்பா எழுதப்பட்டிருந்தா? நியாயமான கேள்வி. அங்கேதான் எனக்கு இது ரொம்பப் பிடிக்குது. ஃபார்முலாவை நீட்டினா ஆபரேட்டர் அண்ணனுக்குப் புரியாது. மெஷின் உருவாக்கின சம்பவத்தைக் காட்டினா, “இப்படி நடக்கவே கூடாதுப்பா”ன்னு உடனே சொல்லிடுவார். பெரிய அமைப்புல நிலைகள் கோடிக்கணக்கில் பெருகி டூல் திணறும்தான். சின்னதா மாடல் பண்ணக் கத்துக்கணும்.

ஸ்பின் டூல் இலவசம், லேப் கம்ப்யூட்டர்லயே ஓடும். அடுத்த ரிவியூவில் பத்து ‘பாஸ்’ வரிசைக்குப் பதிலா, ஒரு விதியும் அதை உடைக்கிற ஒரு சம்பவமும் கொண்டு வர்றவங்களுக்கு மார்க் போடச் சொல்லி ஹெச்ஓடிகிட்ட சேர்ந்து கேட்போம், வர்றீங்களா?