பழைய துணியே கதியா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து வீடு திரும்பும் பெண்கள் பலர், பழைய துணியைச் சுருட்டி பாடிக்குள் வைத்துக் கொள்கிறார்கள். பஸ்சில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் துணி நகர்ந்துவிடுமோ என்று பயம். கல்யாணம், கோவில் என்றால் கூச்சம்.

பார்பி பொம்மையை உருவாக்கிய அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லருக்கும் 1970-ல் இதே கதிதான். கடையில் கிடைத்தது எதுவும் சரிப்படவில்லை. தாமே செயற்கை மார்பகம் தயாரித்து 1976-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். செருப்பு மாதிரி இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு!

இதற்கு இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. புண் ஆறும் வரை லேசான பஞ்சு வைத்தது. ஆறியபின், டாக்டரைக் கேட்டு, சிலிக்கானில் செய்தது. அது நழுவாமலிருக்க உள்பை தைத்த பாடி. வசதி இல்லாதவர்களுக்கு நூலில் பின்னியதும் இருக்கிறது.

இங்கும் விற்கிறார்கள். ஆனால் கேட்க வெட்கம். பல் போனால் பல்செட், கால் போனால் செயற்கைக் கால். அதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு?

டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தோடு இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டு ஆண்களும் கூசாமல் வாங்கித் தர வேண்டும். உயிரைக் காப்பாற்றியாச்சு, நிமிர்ந்து நடக்கவும் வழி செய்யுங்கள்!